வன்னி வெக்கையில் கிளாரினேர்வியம் அந்தூரியம்: இலை ஓரம் ஏன் கருகுகிறது?

கேட்டவர் கிளிநொச்சிக்காரர். அக்கா கொழும்பில் ஆசையாக வாங்கி பஸ்ஸில் ஏற்றிவிட்ட அந்தூரியம் கிளாரினேர்வியம், இதய வடிவ வெல்வெட்டு இலையில் நரம்பு வெளிறித் தெரியும் அலங்காரச் செடி, நாலு இலைக் கன்று. ஹோலில் வடக்கு யன்னலடியில் வைத்திருக்கிறார். வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்தபடி காலையும் பின்னேரமும் இலைக்குத் தண்ணி தெளிக்கிறார், சாடிக்கும் தினமும் ஊற்றுகிறார். சித்திரைக்குப் பிறகு இரண்டு இலையின் ஓரம் பழுப்பாகக் காய்ந்து சுருண்டுவிட்டது. இன்னொரு இலையில் வெளிறிய திட்டு. "எங்கட கிணத்துத் தண்ணி சரியான சுண்ணாம்பு. அதுதான் காரணமோ? ஆர்ஓ தண்ணி வாங்கி ஊத்தவா? ஈரப்பதம் கூட்டுற மெஷின் ஒன்று எடுக்கவா? கனடாவில இருக்கிற சித்தி வரேக்க இன்னொரு கன்று கொண்டுவரலாமா?" என்பது கேள்வி. இலைகளின் படமும் அனுப்பியிருக்கிறார்.

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. மெஷின் வேண்டாம். உங்கள் கிணறு உவர்க்கிணறு இல்லையென்றால் ஆர்ஓ தண்ணிக்கும் (உப்பும் சுண்ணாம்பும் வடித்து எடுத்த தண்ணி) காசு கொடுக்க வேண்டாம். இலைக்குத் தெளிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். சாடியை யன்னலுக்கு நேரே வைக்காமல் பக்கச் சுவரோரமாக மூன்றடி தள்ளி வையுங்கள். வருகிற சனி ஞாயிறில் செடியைச் சாடியிலிருந்து வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

இந்தச் செடியைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரையில் முக்கால்வாசி குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டது. அங்கே குளிர்காலத்தில் ஹீற்றர் ஓடும், அறைக் காற்று காய்ந்துபோகும், சூரியன் தெற்கே சரிந்து கிடக்கும். அதனால் ஈரப்பதத்தைக் கூட்டு, சூடாக வைத்திரு, வடக்கு யன்னலில் நேர்வெயில் படாது, பயப்படாதே என்கிறார்கள். அவர்களுக்கு அது சரி. வன்னியில் ஓட்டுக்கூரையோ சீற்றுக்கூரையோ போட்ட வீட்டில், யன்னலெல்லாம் திறந்து, சோளகக் காற்றுக்கு நடுவில் இருக்கிற எங்களுக்கு அதில் பாதி தலைகீழ். எங்களுக்குக் கவலை வேரில் ஏறும் சூடு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்த வடக்கு யன்னலை முதலில் பார்ப்போம், ஏனென்றால் வெளிறிய திட்டுக்குக் காரணம் அதுதான். கிளிநொச்சி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகை சொச்சத்தில் இருக்கிறது. சித்திரை வருசப்பிறப்பு மட்டில் மத்தியானச் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வரும். அதிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை சூரியன் எங்களுக்கு வடக்குப் பக்கமாகத்தான் ஓடுகிறது. அந்த நாலரை மாதமும் வடக்கு யன்னலில் காலையிலும் பின்னேரத்திலும் வெயில் சரிவாக உள்ளே விழும், தெற்கு யன்னலில் விழாது. ஐப்பசி தொடங்கித் தை மாசி வரை நேர்மாறு. ஆகவே ஒரு யன்னலைத் தேர்ந்தெடுத்து வருசம் முழுக்க அங்கேயே விட முடியாது. வருசப்பிறப்புக்கு ஒரு தரம், ஓகஸ்ட் முடிய ஒரு தரம் இடம் மாற்றுங்கள். அல்லது வடக்கு யன்னலுக்கு வெளியே ஒரு கிடுகுத் தட்டி கட்டிவிடுங்கள், அழகும் குறையாது. கிழக்கு யன்னலில் எட்டு எட்டரை வரைக்குமான இளவெயில் பரவாயில்லை. மேற்கு யன்னல் கிட்டவே வேண்டாம்.

வெளிச்சம் போதுமா என்று பார்க்க மீற்றர் ஒன்றும் தேவையில்லை. மத்தியானம் செடிக்கு ஓரடி மேலே கையை விரித்துப் பிடியுங்கள். நிழல் விழ வேண்டும், ஆனால் விரல்களின் ஓரம் மங்கலாக இருக்க வேண்டும். விரல் விரலாகக் கூர்மையாக விழுந்தால் வெயில் அதிகம். நிழலே தெரியாவிட்டால் இருட்டு. கிளாரினேர்வியத்தின் இலை வெல்வெட்டுப் போலத் தெரிவதற்குக் காரணம் மேல்தோலின் ஒவ்வொரு கலமும் சிறு குமிழாகப் புடைத்திருப்பது. காட்டு நிழலில் சிந்துகிற கொஞ்ச வெளிச்சத்தை அந்தக் குமிழ்கள் குவித்து உள்ளே அனுப்பும். நிழலில் உயிர் காக்கும் அந்த ஏற்பாட்டில் நேர்வெயில் விழுந்தால் அரை மணியிலேயே திட்டு விழுந்துவிடும். விழுந்த திட்டு ஆறாது, பரவவும் செய்யாது. அதற்காக அந்த இலையை வெட்ட வேண்டாம்.

சரி, சுண்ணாம்புத் தண்ணி. இதைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். இந்தச் செடிக்கு அந்தப் பயம் தேவையே இல்லை. கிளாரினேர்வியத்தின் சொந்த இடம் தெற்கு மெக்சிக்கோவின் சியாபாஸ் மாநிலம். ஜப்பானில் பிறந்து மெக்சிக்கோவில் குடியேறிய எய்ஸி மட்சூடா என்ற தாவரவியலாளர் 1950களின் தொடக்கத்தில் இதற்குப் பெயர் வைத்தார். அங்கே இது மண்ணில் வளர்வதில்லை. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில், மக்கிய இலை கொஞ்சம் சேர்ந்த இடத்தில், வேரைப் பாறையோடு ஒட்டவைத்துக்கொண்டு வளர்கிறது. மழை பெய்தால் பாறையில் வழிந்து ஓடும் சுண்ணாம்புத் தண்ணிதான் அதற்குக் குடிதண்ணி. அங்கேயும் எங்களைப் போலவே மழைக்காலம் ஒன்று, வறண்ட காலம் ஒன்று. மாதம்தான் மாறும்: எங்களுக்குக் கடுங்கோடையான மே தொடங்கி ஒக்ரோபர் வரை அங்கே மழை. அரிய அந்தூரியங்களில் வன்னிக்கு எதை வாங்கலாம் என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். தடித்த இலை வறட்சியைத் தாங்கும், வேர் சுண்ணாம்பைத் தாங்கும். கொலம்பியாவின் ஈரமலைக் காட்டு வரோக்கியானம் என்ற அந்தூரியத்தை இந்த வெக்கையில் வைத்துக்கொண்டு நீங்கள் படும் பாடு எனக்கு வேண்டாம்.

ஆனால் சுண்ணாம்பும் உவரும் ஒன்றல்ல. இரண்டையும் "தண்ணி சரியில்லை" என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிடுகிறோம், செடிக்கு அவை இரண்டும் வேறு வேறு. சுண்ணாம்புத் தண்ணியில் கல்சியமும் மக்னீசியமும் அதிகம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும், சவர்க்காரம் நுரைக்காது, தலைமுழுகினால் முடி சடையாகும், குடித்தால் வாயில் கரிக்காது. உவர்த் தண்ணியில் இருப்பது சோடியம், குளோரைட்டு. பூநகரிப் பக்கம், முல்லைத்தீவுக் கரையோரம், கடல்நீரேரிக்குக் கிட்டின கிணறுகளில் கோடை ஏற ஏற நாக்கிலேயே தெரியும். கொதிக்கவைத்து ஆறவிட்டால் சுண்ணாம்பில் ஒரு பங்கு அடியில் படிந்துவிடும். உப்பைக் கொதிக்கவைத்தால் தண்ணி ஆவியாகி உப்பு இன்னும் கூடும். அந்தூரியம் தாங்காதது இந்த உப்பைத்தான். முதலில் பழைய இலைகளின் நுனி, பிறகு ஓரம் என்று காய்ந்த பழுப்பாக ஏறிவரும், மஞ்சள் வளையம் இருக்காது. உங்கள் படத்தில் தெரிவது அந்த மாதிரிதான். ஆனால் உங்கள் கிணறு கரிக்கவில்லை என்றால் உப்பு வேறு வழியால் வந்திருக்க வேண்டும். இரண்டு வழி உண்டு: ஒன்று உரம், மற்றது தும்பு.

தும்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடையில் வாங்கும் கன்றுகள் பெரும்பாலும் இறுக்கி அமுக்கிய தும்புத்தூளில்தான் வரும். தேங்காய்ப் பொச்சில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் இருக்கிறது, கரையோரத்தில் ஊறப்போட்ட பொச்சென்றால் இன்னும் அதிகம். கழுவாத தும்புத்தூளில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணி விட்டால் உப்பு வெளியேறாது, வேரைச் சுற்றியே நிற்கும். அத்தோடு அந்தத் தூள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு காற்றை உள்ளே விடாது. 24 பாகைக் கண்டி வீட்டில் அந்தக் கலவையில் கன்று ஒரு வருசம் நன்றாக நிற்கும். 34 பாகை கிளிநொச்சியில் வேர் வேகமாக மூச்சுவிட வேண்டும், சூடான தண்ணியில் கரையும் ஒட்சிசனோ குறைவு. ஈரமும் சூடும் சேர்ந்து வேர் அழுகும். வேர் அழுகினால் இலைக்குத் தண்ணி ஏறாது, ஓரம் காயும். ஓரம் காய்வதைப் பார்த்து நாங்கள் இன்னும் தண்ணி ஊற்றுவோம். வன்னியில் இந்தச் செடி சாவதில் பாதிக்கு மேல் இந்த வழியால்தான்.

ஆகவே வெளியே எடுங்கள். சாடியைச் சரித்து, கழுத்தைப் பிடித்து இழுக்காமல், பக்கத்தைத் தட்டித் தட்டி இறக்குங்கள். தூளை ஒரு வாளித் தண்ணியில் ஊறவிட்டு விரலால் மெதுவாகக் கழுவுங்கள். நல்ல வேர் ஒரு பென்சில் முனை அளவு தடிப்பாக, வெள்ளையோ இளம் பழுப்போ நிறத்தில், அமுக்கினால் விறைப்பாக இருக்கும். புதிதாக வளரும் நுனி இளம்பச்சையாக இருக்கும். கெட்ட வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் தோல் கழன்று கையோடு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சும், முகர்ந்தால் வாடை அடிக்கும். அதையெல்லாம் வெட்டிவிடுங்கள். பிளேட்டை ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் விளக்கில் காட்டுங்கள் அல்லது ஸ்பிரிட்டில் துடையுங்கள். இந்தத் துடைப்பு சம்பிரதாயம் இல்லை, காரணம் கீழே வருகிறது. சாறு பட்டால் தோல் கடிக்கும், கையுறை போட்டால் நல்லது.

புதுக் கலவைக்கு வன்னியில் இல்லாத பொருள் ஒன்றுமில்லை. விலைக்கு விற்கும் மரப்பட்டை, எரிமலைக் கல் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். பொச்சை விரல் நகமளவு துண்டாக வெட்டியது மூன்று பங்கு, அடுப்புக்கரியை அதே அளவில் உடைத்தது இரண்டு பங்கு, உடைந்த ஓட்டுத் துண்டு இரண்டு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, மக்கிய இலை ஒரு பங்கு. எல்லாவற்றையும் சல்லடையில் போட்டுத் தூளைத் தட்டி எறியுங்கள், தூள் இல்லாமல் இருப்பதுதான் இதில் முக்கியம். உமிக்கரி ஆலையடியில் மலையாகக் கிடக்கும், அதற்காக அள்ளிப் போட வேண்டாம், சாம்பல் காரத்தன்மை உடையது. பொச்சுத் துண்டைப் போடுமுன் இரண்டு நாள் ஊறவிட்டுத் தண்ணியை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். இங்கேதான் உங்கள் சுண்ணாம்புக் கிணறு உதவிக்கு வருகிறது. கல்சியம் நிறைந்த தண்ணியில் ஊறும்போது பொச்சில் ஒட்டியிருக்கிற சோடியத்தைக் கல்சியம் வெளியே தள்ளி அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். தும்புத்தூள் ஆலைகள் கல்சியம் நைத்திரேற்று வாங்கிக் கரைத்துச் செய்யும் வேலையை உங்கள் கிணறு மெதுவாகச் சும்மாவே செய்துவிடுகிறது.

சாடி மண்சாடியாக இருக்கட்டும். மண்பானைத் தண்ணி குளிர்வது எதனாலோ அதே காரணத்தால் மண்சாடியின் பக்கங்கள் ஈரத்தை ஆவியாக்கி வேரைக் குளிர வைக்கும். கறுப்புப் பிளாஸ்ரிக் சாடியில் மத்தியானம் கையை வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். மண்சாடியின் வெளிப்பக்கத்தில் சில மாதத்தில் வெள்ளை படியும். பழந்தும்பால் உரசிக் கழுவினால் போய்விடும், போகாவிட்டாலும் குற்றமில்லை. வேர்க்கட்டியை விட ஒரு அங்குலம் பெரிய சாடி போதும், "வளரும்தானே" என்று பெரிதில் வைக்காதீர்கள். சாடியை நேரே நிலத்தில் வைக்கவும் வேண்டாம். பொச்சும் மக்கிய இலையும் உள்ள சாடிக்குக் கறையான் அடிப்பக்கத்தால் ஏறிவிடும், வன்னி நிலத்தில் கறையானுக்குச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும். கம்பி ஸ்ராண்ட் ஒன்று, அல்லது தண்ணி விட்ட தட்டின் நடுவில் செங்கல் வைத்து அதன் மேல் சாடி. அந்தத் தட்டுத் தண்ணியால் ஈரப்பதம் பெரிதாகக் கூடும் என்று நினைக்க வேண்டாம், அது எறும்புக்கும் கறையானுக்கும்தான். நுளம்பு பெருகாமல் இரண்டு நாளுக்கொரு தரம் தண்ணியை மாற்றுங்கள்.

ஈரப்பதம் என்றதும் அந்த மெஷின் விசயம். வன்னியில் கோடையிலும் விடியக்காலை காற்றில் ஈரம் நிறைய இருக்கும். குறைவது மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை. அந்த நேரத்திலும் அது பாலைவனக் காற்று இல்லை. செடியை வாட்டுவது சூடும் காற்று வீச்சும்தான். ஒரு கணக்கு சொல்கிறேன்: மானி 55 சதவீதம் என்று காட்டினாலும், 22 பாகை அறையில் அது ஒன்று, 34 பாகை அறையில் இன்னொன்று. சூடான காற்று அதிக நீராவியைக் கொள்ளும் என்பதால், அதே 55 சதவீதத்தில் 34 பாகைக் காற்று இலையிலிருந்து இழுக்கும் இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே அறையை மூன்று பாகை குளிர்வித்தால் மெஷின் செய்வதை விடப் பெரிய காரியம் நடக்கும். யன்னல் திறந்த வீட்டில் மெஷின் விடும் ஆவி சோளகத்தோடு அடுத்த வளவுக்குப் போய்விடும். போதாததற்கு, சுண்ணாம்புத் தண்ணியை அதில் விட்டால் தளபாடம் முழுக்க வெள்ளைத் தூள் படியும்.

அறையை எப்படிக் குளிர்விப்பது? சீற்றுக்கூரை வீட்டில் மத்தியானம் அலுமாரித் தலைப்புக்கும் நிலத்துக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைக் கையாலேயே உணரலாம். செடியை உயரத்தில் தொங்கவிடாமல் முழங்கால் உயரத்துக்குக் கீழே வையுங்கள். சீமெந்து நிலத்தை மத்தியானம் ஒரு தரம் தண்ணி போட்டுத் துடைத்தால் அதுவே கொஞ்சம் இறக்கும். சோளகம் அடிக்கும் பக்க யன்னலைப் பதினொரு மணிக்குச் சாத்தி, மறுபக்கம் திறந்து வையுங்கள். ஃபான் ஓடலாம், செடிக்கு நேரே ஓட வேண்டாம். வெளிச்சமுள்ள குளியலறை இருந்தால் அதைவிட நல்ல இடம் வேறில்லை.

தண்ணி எப்போது ஊற்றுவது? கிழமைக் கணக்கு வேண்டாம். ஒரு ஈர்க்கிலைச் சாடியின் நடுவரை குத்தி இரண்டு நிமிசம் விட்டு எடுங்கள். ஈரம் ஒட்டி நிறம் மாறியிருந்தால் விட்டுவிடுங்கள், காய்ந்து வந்தால் ஊற்றுங்கள். இந்தக் கலவையில் கோடையில் இரண்டு மூன்று நாளுக்கொரு தரம் வரும், மாரியில் ஐந்தாறு நாள் கூடப் போகலாம். ஊற்றும்போது அடியால் நன்றாக ஓடும்வரை ஊற்றுங்கள். அரைக்கோப்பை அரைக்கோப்பையாக விடுவதுதான் உப்பைச் சேர்த்துவைக்கிறது. காலையில் ஊற்றுங்கள். பின்னேரம் மூன்று மணிக்குக் கூரைமேல் கறுப்புத் தாங்கியிலிருந்து வரும் குழாய்த் தண்ணியைத் தொட்டுப் பார்த்தீர்களென்றால் ஏன் என்று விளங்கும். கிணற்றிலிருந்து நேரே அள்ளிய தண்ணி எந்த நேரமும் குளிர்தான்.

மழைத் தண்ணி வைத்திருந்தால் அது பொன். நிறையத் தேவையில்லை. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். ஒரு கன்றுக்கு மாதம் நாலைந்து லீற்றருக்கு மேல் போகாது. மார்கழியில் இரண்டு கான் நிரப்பி மூடி, வெயில் படாத மூலையில் வைத்தால் கோடை முழுக்க மாதமொருமுறை சாடியைக் கழுவப் போதும். சாடியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு மழைத் தண்ணியை மெதுவாக விட்டு ஓடவிடுவதைத்தான் கழுவல் என்கிறேன். சேர்ந்த உப்பும் உரமும் போய்விடும். மழைத் தண்ணியே இல்லாவிட்டால் சுண்ணாம்புத் தண்ணியாலும் கழுவலாம், கழுவாமல் விடுவதை விட மேல். புது இலைகள் தொடர்ந்து மஞ்சளாக வெளிறி வந்தால் மட்டும் சுண்ணாம்பு அளவு மீறி இரும்புச்சத்தைத் தடுக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது பாதிக்குப் பாதி மழைத் தண்ணி கலந்து விடுங்கள். எலுமிச்சைச் சாறு, வினாகிரி எல்லாம் விட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம், அளக்காமல் செய்தால் வேர் வேகும்.

உரம் குறைவாகத்தான். மண்ணில்லாப் பயிர்ச்செய்கைக்கு விற்கும் அல்பேட் கலவையைப் பொதியில் சொன்ன அளவில் நாலில் ஒரு பங்காகக் கரைத்து, புது இலை வரும் காலத்தில் மாதம் இரண்டு தரம் விட்டால் சரி. வயலுக்கு வாங்கின யூரியாவில் ஒரு பிடி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கருகலுக்கு மேலாக, அமோனியா வகைத் தழைச்சத்து அதிகமானால் அந்தூரியத்துக்குப் பக்ரீரியா நோய் இலகுவாகப் பிடிக்கும்.

பிளேட்டைத் துடைக்கச் சொன்ன காரணம் அந்த நோய்தான். சந்தொமோனாஸ் என்ற பக்ரீரியா. இலை ஓரத்தில் விடியக்காலையில் துளித்துளியாகத் தண்ணி கசியும் நுண்துளைகள் இருக்கின்றன, அவற்றின் வழியாக உள்ளே போகும். முதலில் எண்ணெய் பட்டதுபோன்ற ஈரப் புள்ளி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊடே தெரியும், பிறகு மஞ்சள் வளையத்தோடு கறுக்கும். சூடும் ஈரமும் சேர்ந்த காலத்தில் வேகமாக ஓடும். தண்டுக்குள் இறங்கிவிட்டால் மருந்தில்லை. இது தண்ணித் தெறிப்பாலும் கத்தியாலும் கையாலும் பரவுகிறது. நீங்கள் தினமும் இரண்டு நேரம் இலைக்குத் தெளிப்பது அதற்கு வழி திறந்துவிடுவது. இன்னொரு விசயம்: கிணற்றடியில் நிற்கும் சேம்பும், விறாந்தையில் நிற்கும் டிஃபன்பேக்கியாவும் இதே குடும்பம், இதே நோயைச் சுமந்துகொண்டிருக்கும். அவற்றில் கை வைத்துவிட்டு வந்து இதைத் தொடாதீர்கள். உங்கள் செடியில் இப்போது தெரிவது காய்ந்த ஓரம், மஞ்சள் வளையம் இல்லை, ஆகவே இது அந்த நோய் இல்லை.

தெளிப்பை நிறுத்தச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுண்ணாம்புத் தண்ணி காய்ந்தால் வெல்வெட்டு இலையில் வெள்ளைப் புள்ளி நின்றுவிடும், துணியால் துடைத்தால் மேல்தோல் தேய்ந்து பளபளப்பாகும், அது திரும்பாது. தூசு படிந்தால் மழைத் தண்ணியில் அலசி நிழலில் வடியவிடுங்கள். கோடையில் இலையின் அடிப்பக்கத்தைக் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள்: பொடி மஞ்சள் புள்ளியும் மெல்லிய நூலும் தெரிந்தால் சிலந்திப்பேன், வெள்ளிக்கோடு மாதிரிச் சுரண்டல் தெரிந்தால் இலைப்பேன். சவர்க்காரத் தண்ணியால் அடிப்பக்கத்தை மட்டும் கழுவி, அரை மணியில் வெறும் தண்ணியால் அலசினால் பெரும்பாலும் அடங்கும். வேப்பெண்ணெய் இந்த இலையில் கறை விடும், அடிப்பக்கத்துக்கு மட்டும், இருட்டினபிறகு. மாரியில் பேன் போய்விடும், நத்தை வரும்.

வாங்கியது கிளாரினேர்வியம்தானா என்றும் ஒருமுறை பாருங்கள், கடைகளில் கிறிஸ்டலினம், மக்னிபிக்கம் என்ற வேறு அந்தூரியங்களுக்கும் இதே பெயர் ஒட்டி விற்கிறார்கள். கிளாரினேர்வியத்தின் முதிர்ந்த இலை தடித்து விறைப்பானது, விரலால் சுண்டினால் டொக்கென்று சத்தம் கேட்கும். மேலே இதயத்தின் இரு மடலும் நெருங்கி, சிலசமயம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். கிறிஸ்டலினத்தின் இலை மெல்லிது, தொட்டால் துவளும். மக்னிபிக்கத்தின் காம்பு உருண்டையாக இராது, நாலு முனை தட்டுப்படும். கையில் இருப்பது கிறிஸ்டலினம் என்றால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும், ஆனால் வறட்சியையும் சுண்ணாம்பையும் அவ்வளவு தாங்காது, மழைத் தண்ணிப் பங்கைக் கூட்டுங்கள். புது இலை எதில் வந்தாலும் முதல் மூன்று நாலு கிழமை அதைத் தொட வேண்டாம். செம்பு கலந்த இளம்பச்சையில், தளர்ந்து தொங்கி, நரம்பு மட்டும் வெளிறித் தெரியும். அந்த நேரத்தில் விரல் பட்ட தடம் இலை சாகும்வரை நிற்கும்.

கலவை மாற்றினபிறகு ஒரு மாதத்துக்கு உரம் இல்லை. வேர் நிறைய வெட்டுப்பட்டிருந்தால், வீட்டின் குளிர்ந்த அறையில் ஒரு தெளிவான பிளாஸ்ரிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்து விடலாம், யன்னலடியில் வைத்து மட்டும் கவிழ்க்காதீர்கள், அவிந்துவிடும். காய்ந்த ஓரமுள்ள இரண்டு இலையும் இப்போதைக்கு இருக்கட்டும், மிச்சப் பச்சை வேலை செய்கிறது. புது இலை இரண்டு வந்து முதிர்ந்தபிறகு வேண்டுமென்றால் வெட்டலாம். வீட்டில் தவழும் பிள்ளை, ஆட்டுக்குட்டி இருந்தால் எட்டாத இடம் பாருங்கள். இலையில் இருக்கும் கல்சியம் ஒக்சலேற்று ஊசிகள் வாயைத் தொண்டையை வீங்க வைக்கும். கோழி சாடியைக் கிளறுவது தனிப் பிரச்சினை, அதற்கு மேலே நாலு பெரிய கல் பரப்புவதுதான் வழி.

கடைசிக் கேள்வி, சித்தி. இலங்கைக்குள் செடி கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. முன்கூட்டியே விவசாயத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி வேண்டும், புறப்படும் நாட்டுத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், மண் ஒட்டியிருக்கக் கூடாது. சூட்கேசில் சேலைக்கு நடுவில் சுருட்டிக்கொண்டு வருவது கட்டுநாயக்காவில் பிடிபட்டால் கன்றும் போய்விடும், சித்திக்கும் மானக்கேடு. அதற்குத் தேவையும் இல்லை. கிளாரினேர்வியம் விதையில் இலகுவாக வரும் செடி, நாட்டுக்குள்ளேயே விதையில் வளர்த்த கன்று வாங்கலாம். உங்களுடையது பூத்தால் நீங்களே முயலலாம்: பூங்கதிரில் முதலில் பெண்பருவம் வந்து பிசுபிசுப்பான துளி தெரியும், அது காய்ந்து சில நாளில் மகரந்தம் கொட்டும். ஆகவே ஒரு பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்துக் கடதாசியில் மடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அடுத்த பூ ஈரமாகும்போது தடவ வேண்டும். பழம் முதிர்ந்து வெளியே தள்ளிக்கொண்டு வந்ததும் சதையைக் கழுவி, விதையைக் காயவிடாமல் அன்றைக்கே ஈரத் தும்பின் மேல் போடுங்கள்.

சித்தி ஏதாவது கொண்டுவந்தே தீருவேன் என்றால், சூடும் ஈரப்பதமும் காட்டும் சின்ன மானி ஒன்று, தண்ணியில் கரைந்த உப்பை அளக்கும் பேனா மீற்றர் ஒன்று கேளுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு சட்டைப் பைக்குள் அடங்கும்.